வசைச்சொல்லுக்கு எந்த நீதிமன்றம்? 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கனவான்களின் அவதூறு வழக்குகள்

ஏட்டுவழி (இழையைத் தொடங்கியவர்):

அன்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் வார்விக்‌ஷர் பகுதியில் சர் தாமஸ் ஹோல்ட் என்றொரு பெரிய நிலக்கிழார் இருந்தார். அவர் தம் சமையற்காரரின் தலையை வெட்டுக்கத்தியால் பிளந்துவிட்டார் என்றும், தலையின் ஒரு பாதி ஒரு தோளிலும் மறுபாதி மறுதோளிலும் கிடந்தது என்றும் ஒருவர் வெளியில் பேச, ஹோல்ட் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 1607ஆம் ஆண்டில் இந்த வழக்கைக் கேட்ட கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம், அந்தச் சொற்களுக்காக வழக்கு நிற்காது என்று முடிவு செய்தது. சமையற்காரர் இறந்துபோனார் என்று பேசியவர் எங்கும் சொல்லவில்லை, ஆகவே கொலைக் குற்றம் சுமத்தப்பட்டதாகக் கொள்ள இயலாது, வெறும் காயப்படுத்தலாகவும் அது இருந்திருக்கலாம் என்பதே நீதிபதிகள் காட்டிய காரணம்.

சட்ட வரலாற்று நூல்கள் இந்த வழக்கை ஒரு வேடிக்கைத் துணுக்காகவே எடுத்துக்காட்டுகின்றன. எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றவில்லை. குடும்பப் பெருமையையே மூலதனமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவர், தம்மைக் கொலைகாரராகச் சித்திரித்த பேச்சுக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றங்களுள் ஒன்றில் பரிகாரம் கிடைக்காமல் திரும்பியிருக்கிறார். கொலைப் பழிக்கே நிலைமை இதுவென்றால், 'பொய்யன்', 'கோழை', 'ஈனப் பிறவி', 'நீயெல்லாம் கனவானா' போன்ற சொற்களைக் கேட்ட ஒருவர் எங்கே போயிருப்பார்? அக்காலக் கனவான்களிடையே நேருக்கு நேர் 'பொய் சொல்கிறாய்' என்று சொல்வதுதான் வாளை உருவச் செய்யும் உச்ச அவமதிப்பாக இருந்தது. ஆனால் 'காமன் லா' எனப்படும் பொதுச் சட்டத்தின்படி நடந்த அரசரின் நீதிமன்றங்களில் அந்தச் சொல்லுக்குத் தனியே எந்த மதிப்பும் இல்லை.

ஒரே வசைச்சொல் ஒரு நீதிமன்றத்தில் ஒன்றுமில்லாததாகவும், இன்னொன்றில் பாவமாகவும், மூன்றாவதில் பெருந்தொகை ஈட்டுக்குரிய குற்றமாகவும் இருந்த காலம் அது. அந்த வேறுபாடு எதைப் பொறுத்து அமைந்தது என்பதை இந்த இழையில் பேசலாம் என்று நினைக்கிறேன். சொல்லைப் பொறுத்து அன்று, சொல்லப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்தே அது அமைந்தது என்பது என் எண்ணம். மறுப்புள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

தென்மதுரை வழக்கறிஞர்:

நல்ல தொடக்கம், ஐயா. ஹோல்ட் வழக்கின் பின்னணியைச் சற்று விரித்துச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அவதூறு என்பது இங்கிலாந்தில் முதலில் திருச்சபை நீதிமன்றங்களின் பொருளாகவே இருந்தது. ஒருவர்மீது வஞ்சகமாகக் குற்றம் சுமத்துபவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று 1222ஆம் ஆண்டின் ஆக்ஸ்ஃபோர்டு திருச்சபை மன்றம் விதித்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்துதான் அரசரின் பொதுச் சட்ட நீதிமன்றங்கள், பேச்சால் விளைந்த நட்டத்துக்குப் பணமாக ஈடு கேட்கும் வழக்குகளை ஏற்கத் தொடங்கின. திருச்சபை நீதிமன்றத்தில் வாதிக்குப் பணம் கிடைக்காது, பிரதிவாதியின் மன்னிப்பும் பிராயச்சித்தமுமே கிடைக்கும். இங்கோ ஜூரிகள் ஈட்டுத்தொகையை நிர்ணயித்தார்கள். வாதிகள் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எலிசபெத் அரசியின் ஆட்சி முடிவதற்குள் வெஸ்ட்மின்ஸ்டரின் நீதிமன்றங்கள் வசை வழக்குகளால் நிரம்பிவிட்டன.

இந்த வெள்ளத்தைத் தடுக்க நீதிபதிகள் இரண்டு அணைகளைக் கட்டினார்கள். முதலாவது, எந்தச் சொற்களுக்கு வழக்கு நிற்கும் என்பதைச் சுருக்கியது. தண்டனைக்குரிய குற்றத்தைச் சுமத்துவது, ஒருவருடைய தொழிலிலோ பதவியிலோ அவரைத் தகுதியற்றவர் என்பது, மக்கள் ஒதுக்கிவைக்கும் தொற்றுநோய் அவருக்கு உண்டு என்பது ஆகிய மூன்றுக்கும் நட்டத்தை மெய்ப்பிக்காமலே வழக்குத் தொடுக்கலாம். மற்ற எந்த வசையானாலும் குறிப்பிட்ட ஒரு நட்டத்தைக் காட்டியாக வேண்டும். தமக்குக் குழந்தை உண்டு என்று பரப்பப்பட்ட பேச்சால் பேசி முடித்திருந்த திருமணம் நின்றுபோனதைக் காட்டி ஆன் டேவிஸ் என்ற பெண் 1593இல் வென்றது அவ்வகை.

இரண்டாவது அணைதான் ஹோல்ட்டை வீழ்த்தியது. ஒரு சொற்றொடருக்கு இரண்டு பொருள் கொள்ள முடியுமானால், அவற்றுள் இலேசான பொருளையே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்பது அந்த விதி. 'என் தோட்டத்து மரத்திலிருந்து ஆப்பிளைத் திருடினாய்' என்றால் அது திருட்டுப் பழி ஆகாது. மரத்தில் தொங்கும் கனி நிலத்தின் பகுதி, அதைப் பறிப்பது அக்காலச் சட்டப்படி திருட்டுக் குற்றமன்று, அத்துமீறல் மட்டுமே. இவற்றுக்கும் மேலாக 1624ஆம் ஆண்டுச் சட்டம், வாய்மொழி அவதூறு வழக்கை இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்றும், ஈடு 40 ஷில்லிங்குக்குக் குறைந்தால் வழக்குச் செலவாக ஈட்டுத்தொகைக்கு மேல் பெற முடியாது என்றும் கட்டுப்படுத்தியது.

ஆகவே நீதிபதிகள் கனவான்களின் மானத்தை அலட்சியப்படுத்தினார்கள் என்று சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. அவர்கள் நட்டத்தைத் தேடினார்கள்; நட்டம் தெரியாத இடத்தில் விலகி நின்றார்கள். வணிகரை 'திவாலானவர்' என்றால் அவருடைய கடன் வரத்து நின்றுவிடும் என்பதால் அது வழக்குக்குரியது. கனவானை 'கோழை' என்றால் அவருக்கு எத்தனை பவுன் குறைகிறது என்பதை எந்த ஜூரியால் கணக்கிட முடியும்?

சுவடி நிலையம்:

வழக்கறிஞர் ஐயா கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்கு, கணக்கிட முடியும் என்று பதில் சொன்ன ஒரு நீதிமன்றம் இருந்தது. அது ஏர்ல் மார்ஷல் என்ற உயர் அரச அதிகாரியின் ஷிவல்ரி நீதிமன்றம். அதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

போர்க்காலக் குற்றங்களையும், உயர்குடும்பங்களின் அடையாளமான குலச்சின்னம் பற்றிய பூசல்களையும் விசாரிக்க இடைக்காலத்தில் தோன்றிய மன்றம் அது; ஹை கான்ஸ்டபிளும் ஏர்ல் மார்ஷலும் சேர்ந்து நடத்தியது. பக்கிங்ஹாம் கோமகன் 1521இல் தலைவெட்டப்பட்ட பிறகு நிலையான கான்ஸ்டபிள் யாரும் அமர்த்தப்படவில்லை. அரண்டல் பிரபு தாமஸ் ஹோவர்ட் 1621இல் ஏர்ல் மார்ஷல் ஆனார்; மறு ஆண்டே, கான்ஸ்டபிள் இல்லாமலும் அவர் தனியே நீதி வழங்கலாம் என்று மன்னர் முதலாம் ஜேம்ஸ் உறுதிசெய்தார். அதன் பின் 1634 முதல் 1640 வரை இந்த நீதிமன்றம் ஒழுங்காகக் கூடி, 700க்கும் மேற்பட்ட வழக்குகளைக் கையாண்டது. அவற்றுள் பெரும்பாலானவை குலச்சின்னத்தைப் பற்றியவை அல்ல, வசைச்சொற்களைப் பற்றியவை.

அங்கே வாதி இரண்டைக் காட்ட வேண்டும். ஒன்று, தாம் கனவான் குலத்தவர் என்பது. மற்றது, பேசப்பட்ட சொற்கள் தம்மைத் துவந்தச் சண்டைக்கு, அதாவது மானத்துக்காக இருவர் ஆயுதத்துடன் மோதும் சண்டைக்கு, தூண்டக்கூடியவை என்பது. நட்டம் கேட்கப்படவில்லை, குற்றப்பழி தேவைப்படவில்லை, ஜூரியும் இல்லை. வழக்கு நடைமுறை ரோமானிய சிவில் சட்ட வழியில் அமைந்தது: எழுத்தில் குற்றச்சாட்டு, தனியே எடுத்து எழுதப்பட்ட சாட்சிய வாக்குமூலங்கள், எதிர்த்தரப்பு எழுதிக் கொடுக்கும் குறுக்கு வினாக்கள். ஏர்ல் மார்ஷலுக்குப் பதிலாளாக இருந்து விசாரித்தவர் சர் ஹென்றி மார்ட்டன் என்ற சிவில் சட்ட வல்லுநர். தோற்ற பிரதிவாதி ஈட்டுத்தொகை செலுத்துவதோடு, எழுதித் தரப்பட்ட மன்னிப்பை வாதியின் முன்னிலையில் பணிவுடன் சொல்லவும், இனி நன்னடத்தையுடன் இருப்பதாகப் பிணை எழுதித் தரவும் வேண்டியிருந்தது.

ஏட்டுவழி அவர்களின் எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 'நீ ஒரு பொய்யன்' என்ற சொல்லை ஒரு தையற்காரர் கேட்டால் அவருக்கு இந்த நீதிமன்றத்தின் கதவு மூடியிருந்தது. அதே சொல்லை அவர் ஒரு கனவானிடம் சொன்னால், அவரை இழுத்து வர அதே கதவு திறந்தது.

பொருநைச் செல்வன்:

சுவடி நிலையம் எழுதியவை பயனுள்ளவை, ஆனால் ஒரு பக்கம் விடுபட்டுவிட்டது. இந்த நீதிமன்றத்தை வெறும் வர்க்கத் திமிராகப் பார்த்தால், அது ஏன் தோன்றியது என்பது விளங்காமல் போகும். உயிர்கள் போய்க்கொண்டிருந்தன.

1613இல் எட்வர்ட் சாக்வில் என்பவரும் கின்லாஸ் பிரபு எட்வர்ட் புரூஸும் இங்கிலாந்தில் சண்டையிட முடியாததால் கடல் கடந்து, நெதர்லாந்தின் பெர்கன் ஓப் ஸூம் அருகே வாள்களுடன் மோதினார்கள், புரூஸ் இறந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஜேம்ஸ் மன்னர் துவந்தச் சண்டைக்கு எதிராகப் பிரகடனம் வெளியிட்டார். அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த பிரான்சிஸ் பேக்கன், சண்டைக்கு அழைப்பு விடுத்த பிரீஸ்ட் என்பவரையும் அந்த அழைப்பைக் கொண்டுபோன ரைட் என்பவரையும் ஸ்டார் சேம்பர் என்ற அரசரின் தனி நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார். இருவரும் பெருங்குடியினர் அல்லர். நாவிதப் பணியுடன் அறுவை மருத்துவமும் செய்தவர்கள், கசாப்புக்காரர்கள் வரை இந்த வழக்கம் இறங்கிவிட்டதைக் கண்டால் உயர்குலத்தோர் அதைக் கைவிடுவார்கள் என்று அங்கே பேக்கன் வாதிட்டார்.

சண்டையைத் தடை செய்தால் மட்டும் போதாது, அவமானப்பட்டவருக்கு வேறொரு வழி காட்ட வேண்டும் என்பதை அரசு உணர்ந்திருந்தது. பிரான்சில் நடந்ததும் இதுவே. நான்காம் ஹென்றியின் 1609ஆம் ஆண்டு அரசாணை, மானப் பூசல்களை, பிரெஞ்சுப் படைத்தலைவர்களான மார்ஷல்களிடம் கொண்டுவரச் சொன்னது. 1626இல் முதலமைச்சர் ரிஷெல்யூவின் காலத்தில் தடை இன்னும் கடுமையாக்கப்பட்டது. அதை மீறிப் பாரிசின் பிளாஸ் ருவாயால் சதுக்கத்தில் பட்டப்பகலில் சண்டையிட்ட மோன்மொரான்சி-பூத்வில் பிரபு 1627இல் தலைவெட்டப்பட்டார். அவ்வளவு பெரிய குடும்பத்தவரைக் கொல்லத் துணிந்த அரசு, அவமதிப்புக்கு நீதிமன்றப் பரிகாரம் தேடியதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. 'கோழை' என்ற சொல்லுக்கு ஈட்டுத்தொகை கொடுப்பது, அந்தச் சொல்லுக்காக ஓர் உயிர் போவதைவிடச் சிறந்ததுதானே?

சுவடி நிலையம்:

உங்கள் கேள்வி நியாயமானது, பொருநைச் செல்வன். சண்டையைத் தடுப்பதே நீதிமன்றத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வந்த வழக்குகளைப் பார்க்க வேண்டும். ஒரு கனவான் தையற்காரரையோ படகோட்டியையோ துவந்தச் சண்டைக்கு அழைப்பதே இல்லை. சமமானவரை மட்டுமே அழைக்க முடியும் என்பதுதான் அந்த மரபின் முதல் விதி. அப்படியிருக்க, கீழ்நிலையில் இருந்தவர்களும் பிரதிவாதிகளாக நிறுத்தப்பட்டபோது, 'சண்டைக்குத் தூண்டும் சொற்கள்' என்ற வாசகம் வெறும் சடங்காகிவிட்டது.

பின்னாளில் கிளாரண்டன் பிரபு ஆன எட்வர்ட் ஹைட், 1640ஆம் ஆண்டின் நாடாளுமன்றத்தில் இதையே பேசினார். அவர் எடுத்துக்காட்டிய இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். கட்டணம் குறித்துத் தேம்ஸ் படகோட்டி ஒருவருக்கும் நகரத்து வணிகர் ஒருவருக்கும் தகராறு. படகோட்டி தம் சட்டையில் அணிந்திருந்த, தம் எசமானரான பிரபுவின் அன்னச் சின்னத்தைக் காட்டி மிரட்ட, 'உன் வாத்தை எடுத்துக்கொண்டு போ' என்றார் வணிகர். குலச்சின்னத்தை இழிவுபடுத்தினார் என்று அவரை இந்த நீதிமன்றம் சிறையிட்டது, அவர் செல்வத்தையும் அழித்தது. இன்னொன்று, நெடுநாள் பாக்கியைக் கேட்கப் போன தையற்காரர் ஒருவரைப் பற்றியது. கடன் வைத்திருந்த கனவான் அவரை ஈனன் என்று திட்டி வெளியே தள்ளப் பார்க்க, 'நானும் உங்களைப் போன்ற மனிதன்தான்' என்றார் தையற்காரர். வழக்கு வந்தது. வரவேண்டிய கடனை ஈட்டுக்குப் பதிலாக விட்டுக்கொடுத்துத்தான் அவர் தப்ப முடிந்தது.

ஹைட் இந்த நீதிமன்றத்தை ஒழிக்க முனைந்தவர் என்பதால், மிகக் கொடிய எடுத்துக்காட்டுகளையே பொறுக்கியிருப்பார். எல்லா வழக்குகளும் இப்படிப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. கனவானும் கனவானும் மோதிய வழக்குகளும் நிறைய உண்டு, தீர்ப்புக்கு முன்பே சமரசமாகப் போனவையும் உண்டு. ஆனாலும் அந்தத் தையற்காரரை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. உழைப்புக்குக் கூலி கேட்டவர் தம்மையும் மனிதன் என்று சொன்ன ஒரு சொல்லுக்காகக் கூலியை இழந்தார். உயிர் காத்த நீதிமன்றம் என்று அதைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஏட்டுவழி:

இருவருடைய கருத்துக்கும் நடுவே ஒன்றைச் சேர்க்கிறேன். கனவான் யார் என்பதே அந்த ஆண்டுகளில் ஆட்டம் கண்டிருந்தது. ஜேம்ஸ் மன்னர் அரியணை ஏறிய 1603இல் மட்டும் 900க்கும் மேற்பட்டோருக்கு 'சர்' பட்டம் வழங்கினார். 1611இல் பாரனெட் என்ற புதிய பட்டத்தையே உண்டாக்கி 1,095 பவுனுக்கு விற்றார்; நம் சர் தாமஸ் ஹோல்ட்டும் அந்தப் பட்டத்தைப் பெற்றவர்களுள் ஒருவர். கம்பளி வணிகத்திலும் வழக்கறிஞர் தொழிலிலும் பொருளீட்டியவர்கள் நிலம் வாங்கிக் கனவான்களாயினர். அவர்களின் உரிமையைச் சரிபார்க்க, குலச்சின்ன அதிகாரிகள் 1530 முதல் மாவட்டம் மாவட்டமாகச் சென்று வம்சாவளிகளைப் பதிவு செய்துவந்தார்கள்.

அத்தகைய சூழலில் 'நீ கனவான் இல்லை' என்ற சொல் வசை மட்டும் அன்று, உண்மையாகவும் இருக்கக்கூடிய ஒரு கூற்று. ஆகவே பிரதிவாதிகள் தற்காப்பாக, வாதி கனவானே இல்லை, அதனால் இந்த நீதிமன்றத்தில் அவருக்கு இடமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உடனே வாதி தம் பாட்டனைப் பற்றியும் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பற்றியும் அண்டை அயலாரைச் சாட்சி சொல்லவைக்க வேண்டியதாயிற்று. ஒரு மதுக்கடையில் நாலு பேர் கேட்ட வசையை அழிக்க வந்தவர், தம் குடும்பத்தின் பிறப்பு முழுவதையும் எழுத்தர்களின் ஏட்டில் ஏற்றிவிட்டுப் போனார். தம் மானத்தைப் பற்றி உறுதியுடன் இருந்தவர்களைவிட, அதைப் பற்றிய அச்சம் உள்ளுக்குள் அரித்தவர்களே அங்கு மிகுதியாக வந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

கயல்விழி, சட்ட மாணவி:

இதுவரை ஆண்களின் மானத்தைப் பற்றியே பேசியிருக்கிறோம் என்பதால் இதை எழுதுகிறேன், ஐயா. திருச்சபை நீதிமன்றங்களை விட்டுவிட்டால் அக்கால அவதூறு வழக்குகளின் பெரும்பகுதி கண்ணில் படாது. 17ஆம் நூற்றாண்டில் லண்டன், யார்க் போன்ற இடங்களின் திருச்சபை நீதிமன்றங்களில் அவதூறு வழக்குத் தொடுத்தவர்களில் பெண்களே மிகுதி. அவர்கள் எதிர்த்த வசை பெரும்பாலும் 'வேசி' என்பதே. கற்பைப் பழிப்பது பொதுச் சட்டப்படி குற்றச் சுமத்தல் ஆகாது, நட்டம் காட்டாமல் அங்கே வழக்கு நிற்காது. ஷிவல்ரி நீதிமன்றத்துக்குப் போக கனவான் குடும்பமாக இருக்க வேண்டும். எனவே கைவினைஞரின் மனைவிக்கும் பணிப்பெண்ணுக்கும் எஞ்சியது திருச்சபை மட்டும்தான். வென்றால் பணமில்லை, திட்டியவர் ஆலயத்தில், சில நேரம் வெள்ளைத் துணி போர்த்தி நின்று, மன்னிப்புக் கேட்பார். திட்டிய அதே ஊரார் முன்னிலையில் அந்தச் சொல் திரும்பப் பெறப்படுவது பணத்தைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கலாம்.

அந்த வழியும் 1855இல் சட்டத்தால் மூடப்பட்டது. பெண்ணின் கற்பைப் பழிக்கும் சொல்லுக்கு நட்டத்தை மெய்ப்பிக்காமலே பொதுச் சட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை 1891இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட 36 ஆண்டுகள், நட்டத்தை மெய்ப்பிக்க முடியாத இங்கிலாந்துப் பெண்கள் கையில் எதுவும் இல்லை.

நம் மண்ணோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. அந்த இடைவெளிக் காலத்தில், 1880களில், பார்வதி எதிர் மன்னார் என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. வாதி சட்டப்படி மணந்த மனைவி அல்லள், பல இடங்களிலிருந்து விரட்டப்பட்டவள் என்று பிரதிவாதி பழித்திருந்தார். ஆங்கில விதியை அப்படியே பின்பற்றினால் நட்டம் காட்டாத வாதி தோற்றிருக்க வேண்டும். அந்த விதி இந்தியாவுக்குப் பொருந்தாது என்று சென்னை நீதிமன்றம் ஒதுக்கிவைத்தது. 17ஆம் நூற்றாண்டில் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய ஓர் அணையை, கடல் கடந்து வந்த பிறகு இங்கே உடைத்தார்கள் என்பதைப் படித்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

தென்மதுரை வழக்கறிஞர்:

சிறப்பாகச் சொன்னாய், அம்மா. கூடவே, 2024 வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துப் பார். எதனால் நற்பெயர் கெடுகிறது என்பதை விளக்கும் இடத்தில், ஒருவருடைய சாதியைப் பொறுத்தோ தொழிலைப் பொறுத்தோ அவரைத் தாழ்த்துவதும் சொல்லப்பட்டிருக்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் அது வேறுபாடு காட்டவில்லை. தொழில் என்பது பழைய பொதுச் சட்டத்திலிருந்து வந்தது; பிறப்பின் வழி வரும் நிலையைக் காக்கும் வாசகத்தைப் படிக்கும்போது எனக்கு ஏர்ல் மார்ஷலின் நீதிமன்றம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் வாதிடவில்லை.

வன்னிக்குரல்:

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். ஷிவல்ரி நீதிமன்றம் ரோமானிய சிவில் சட்ட வழியில் நடந்தது என்று சுவடி நிலையம் ஐயா எழுதியதைப் பார்த்ததும், எங்கட நாட்டுச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ரோமன் டச்சுச் சட்டமே இங்கே பொதுவான சிவில் சட்டத்தின் அடிப்படை. அவதூறுக்கான சிவில் வழக்கும் 'ஆக்தியோ இஞ்சூரியாரும்' என்ற ரோமானிய வழக்கு வகையிலிருந்து வளர்ந்ததே. அந்த வகையில் கேள்வி, வாதிக்கு எவ்வளவு பணம் போனது என்பதன்று. வேண்டுமென்றே அவருடைய மதிப்பு தாக்கப்பட்டதா என்பதே. அவமதிப்பே ஊறு.

ஆகவே ஆங்கிலேயப் பொதுச் சட்ட வல்லுநர்களுக்கு ஷிவல்ரி நீதிமன்றம் அந்நியமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை நான் வலியுறுத்த விரும்புகிறேன். ரோமானிய வழியில் மானம் எல்லோருக்கும் உண்டு, கூலியாளும் வழக்குத் தொடுக்கலாம். வாதியின் தகுதி ஈட்டுத்தொகையைக் கூட்டும் குறைக்கும், அவ்வளவுதான். மார்ஷலின் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் நடைமுறையை எடுத்துக்கொண்டு, அதன் வாசலில் குலச்சின்னத்தைத் தொங்கவிட்டுவிட்டது.

பொருநைச் செல்வன்:

வன்னிக்குரல் சொன்ன வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நன்றி. அவமதிப்புக்கு நீதிமன்றம் தேவை என்ற என் கருத்தில் மாற்றமில்லை; தேவைப்பட்டது எல்லோருக்கும் திறந்த நீதிமன்றம் என்பதை ஏற்கிறேன். 1640க்குப் பிறகு மார்ஷலின் நீதிமன்றம் என்ன ஆயிற்று என்று யாராவது எழுத முடியுமா?

சுவடி நிலையம்:

பின்னாளில் 'நீண்ட நாடாளுமன்றம்' என்று பெயர்பெற்ற நாடாளுமன்றம் கூடிய சில வாரங்களில், 1640ஆம் ஆண்டின் முடிவிலேயே அது கூடுவதை நிறுத்திவிட்டது. 1641இல் ஸ்டார் சேம்பர் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஷிவல்ரி நீதிமன்றத்தை அப்படி யாரும் சட்டம் இயற்றி ஒழிக்கவில்லை. முடியாட்சி 1660இல் மீண்ட பிறகு அது மறுபடி உயிர்பெற்றது, ஆனால் பழைய வலிமையைப் பெறவில்லை. வெறும் சொற்களுக்காக அந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்று 1702ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி ஹோல்ட் தடை வழங்கினார். சமையற்காரர் வழக்கின் ஹோல்ட்டுக்கும் இவருக்கும் குழப்பம் வேண்டாம், இவர் சர் ஜான் ஹோல்ட். 1737க்குப் பிறகு நீதிமன்றம் கூடவே இல்லை. 1954இல் மான்செஸ்டர் நகராட்சி, தன் குலச்சின்னத்தை ஒரு நாடக அரங்கு பயன்படுத்தியது என்று வழக்குத் தொடுத்தபோது ஒரே ஒருமுறை மீண்டும் கூடி, நகராட்சிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1702க்குப் பிறகு 'பொய்யன்' என்று அழைக்கப்பட்ட கனவானுக்கு ஏர்ல் மார்ஷலிடம் போக வழியில்லை, பொதுச் சட்டமும் பழையபடியே நட்டத்தைக் கேட்டது. இங்கிலாந்தில் துவந்தச் சண்டை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.